சிசிலியின் கன்னோலி நம் அடுப்பில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொறுமொறுவென்று பொரித்த குழல், உள்ளே இனிப்பான ரிகோட்டா, அதாவது பன்னீருக்கு உறவான மென்மையான பால் திரள். இத்தாலியின் கிரீம் பலகாரங்களில் நான் அதிகம் செய்வது இந்தக் கன்னோலிதான். வீட்டில் சாப்பிட்டவர்கள் கேட்டவை, செய்துபார்த்துவிட்டு எங்கோ சிக்கிக்கொண்டவர்கள் கேட்டவை, நானே முதல் சில தடவை திண்டாடியபோது எனக்குள் கேட்டுக்கொண்டவை எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் பலவிதம். ஆனால் பாதிக்கு மேல் பதில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: ஈரம். ரிகோட்டாவில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது, அது குழலைத் தொட எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதைக் கவனித்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

கன்னோலியா, கன்னோலோவா?

ஒன்று என்றால் கன்னோலோ, பல என்றால் கன்னோலி. ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை என்பதால் உலகம் முழுக்கப் பன்மைப் பெயரே நிலைத்துவிட்டது. வேர்ச்சொல் ‘கன்னா’, நாணல் தட்டை என்று பொருள். உலோகக் குழல் வருவதற்கு முன் சிசிலியில் நாணல் தட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, அதன்மேல் மாவைச் சுற்றித்தான் பொரித்தார்கள். செய்யும் கருவியின் பெயரே பலகாரத்தின் பெயராகிவிட்டது.

இது எந்த ஊர்ப் பலகாரம்? யார் கண்டுபிடித்தது?

இத்தாலியின் தெற்கே இருக்கும் சிசிலித் தீவு. இன்னார் செய்தது என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. 827-இல் தொடங்கிய அரபுப் படையெடுப்புக்குப் பிறகு, 11-ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் வரும்வரை, அந்தத் தீவு அரபு ஆட்சியில் இருந்தது. கரும்பும் புளிப்பு நாரத்தை வகைகளும் அங்கே வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். சிசிலி இனிப்புகளில் இன்றும் நாம் காணும் சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்தோல், பட்டை, பிஸ்தா எல்லாம் அந்த வழியில் வந்த ருசிகள்.

தீவின் நடுவே கல்தனிசெத்தா என்றொரு ஊர். ‘பெண்களின் கோட்டை’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அமீரின் அந்தப்புரப் பெண்கள்தான் கன்னோலியை முதலில் செய்தார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. செவிவழிக் கதைதான், ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அரபுகளுக்குப் பிறகு இந்தக் கைத்திறனைக் காப்பாற்றியவர்களில் கிறிஸ்தவக் கன்னியர் மடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பலெர்மோவின் சாந்தா கத்தரீனா மடத்தில் கன்னியர் செய்துவந்த பழைய இனிப்புகளை இப்போதும் அங்கேயே விற்கிறார்கள்.

முதலில் இது கார்னிவல் பலகாரம். தவக்காலத்தின் நோன்பு தொடங்கும் முன், கொழுப்பும் இனிப்பும் தாராளமாகப் புழங்கும் நாட்களுக்கென்று செய்தது. இன்று வருடம் முழுக்கக் கிடைக்கிறது. பலெர்மோவுக்குத் தெற்கே மலையில் பியானா தெல்யி அல்பனேசி என்று ஓர் ஊர், 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அல்பேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகள் வாழ்வது. அங்கே செய்யும் கன்னோலிக்காகவே பலெர்மோக்காரர்கள் வண்டி எடுத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். சுற்றுப்புற மேய்ச்சல் நிலத்தின் ஆட்டுப்பால் ரிகோட்டா அவ்வளவு புதிதாக அங்கே கிடைப்பதுதான் காரணம்.

உள்ளே இருப்பது விப்பிங் கிரீம்தானே?

இல்லை. சிசிலிக் கன்னோலியில் இருப்பது ரிகோட்டாவும் சர்க்கரையும். அவ்வளவுதான். அதுவும் மாட்டுப்பால் ரிகோட்டா அல்ல, செம்மறி ஆட்டுப்பாலில் செய்தது. அதற்கென்று ஒரு மணம், நாக்கில் ஒரு கனம். அமெரிக்காவில் மஸ்கர்போன் சீஸைக் கலப்பார்கள், வேறு சிலர் விப்பிங் கிரீமை அடித்துச் சேர்ப்பார்கள். சாப்பிட நன்றாகவே இருக்கும், ஆனால் பாலாடையின் வழவழப்பு முன்னே வந்து ரிகோட்டாவின் ருசி பின்னால் போய்விடும். மாட்டுப்பால் ரிகோட்டாவில் செய்தாலும் பரவாயில்லை, கிரீம் சேர்க்காமல் செய்யுங்கள் என்பதே என் கருத்து.

இத்தாலியில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். பலெர்மோவில் ஈழத்தமிழர் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. குளிர்காலம் தொடங்கி வசந்தம் முடியும்வரை அங்கே சந்தையிலேயே செம்மறி ரிகோட்டா கிடைக்கும். கோடையில் ஆடுகளுக்குப் பால் வற்றுவதால் வரத்தும் குறையும்.

ரிகோட்டாவும் பன்னீரும் ஒன்றுதானே? பெயர்தான் வேறா?

உறவுக்காரர்கள் என்று சொல்லலாம், ஒன்றல்ல. பாலைத் திரித்துக் கட்டியை எடுத்துச் சீஸ் செய்த பிறகு, மிஞ்சிய தெளிந்த நீரில் இன்னும் கொஞ்சம் புரதம் கரைந்திருக்கும். அந்த நீரை மறுபடி 80, 85 டிகிரிக்குச் சூடாக்கினால் அதுவும் மெல்லிய திரளாக மேலே மிதந்து வரும். அதை அள்ளி வடித்தால் ரிகோட்டா. ‘மறுபடி வெந்தது’ என்பதே அந்தச் சொல்லின் பொருள். பன்னீரோ முழுப்பாலைக் கொதிக்கவைத்துப் புளிப்பு ஊற்றித் திரித்து, மேலே கனம் வைத்து அழுத்தியது. அழுத்திய பன்னீரை எவ்வளவு மசித்தாலும் மணல்மணலாக நிற்கும், கன்னோலிக்கு ஒத்துவராது.

கடையில் ரிகோட்டா கிடைக்கவில்லை. வீட்டில் எப்படிச் செய்வது?

சீஸ் செய்து மிஞ்சிய நீர் நம் வீட்டில் இருக்காது. அதனால் முழுப்பாலிலேயே, ஆனால் பன்னீரைவிட மென்மையாகத் திரிப்போம். முறைப்படி இது ரிகோட்டா இல்லைதான். கன்னோலிக்கு நன்றாகவே பொருந்தும்.

3 லிட்டர் கொழுப்பு நீக்காத பாலை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, மிதமான தீயில் வையுங்கள். அடிப்பிடிக்காமல் இடையிடையே கிளறவேண்டும். பால் பொங்கக்கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் பொடிப் பொடியாகக் குமிழி வந்து, ஆவி நன்றாக எழும்பி, நுரை ஏறத் தொடங்கும் முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். வெப்பமானி இருந்தால் 90 டிகிரி. வெள்ளை வினிகர் 6 மேசைக்கரண்டி எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவையாகச் சுற்றி ஊற்றி, ஒரே ஒரு முறை மெல்லக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். சும்மா சும்மா கிளறினால் திரள் இறுகி ரப்பராகும். திரளைச் சுற்றி இளம்பச்சையாகத் தெளிந்த நீர் தெரிந்தால் வினிகர் போதும், மிச்சத்தை ஊற்றாதீர்கள். பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டு, கண்கரண்டியால் அள்ளி, மெல்லிய வெள்ளைத் துணி விரித்த வடிதட்டில் போடுங்கள். பாத்திரத்தோடு கவிழ்க்க வேண்டாம், அந்த வேகத்தில் திரள் உடைந்துவிடும். பிழியவும் கூடாது.

பாலின் கொழுப்பைப் பொறுத்து 500 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கிடைக்கும். எருமைப்பால் கலந்தால் இன்னும் வழவழப்பாக வரும். வடிந்த நீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்திக்கு மாவு பிசையலாம்.

ஒரு ராத்திரி முழுக்க வடியவிட வேண்டுமா? இரண்டு மணிநேரம் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கடையில் வாங்கிய ரிகோட்டா பார்க்கக் கெட்டியாகவே இருக்கும். அதை நம்பி ஒருமுறை நேராகச் சர்க்கரையில் கலந்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் தயிர் மாதிரி தளர்ந்து, குழலின் இரண்டு பக்கமும் வழிந்தது. சர்க்கரை தண்ணீரை வெளியே இழுக்கும். ரிகோட்டாவுக்குள் ஒளிந்திருக்கும் நீர் எல்லாம் சர்க்கரை பட்டதும் வெளியே வந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு சர்க்கரை சேர்த்தாலும் கெட்டியாகாது, தித்திப்புதான் ஏறும்.

அதனால் சர்க்கரைக்கு முன்பே வடித்துவிட வேண்டும். துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே கிண்ணம் வைத்து, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. அதற்கடுத்த முறை அப்படிச் செய்து காலையில் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். கெட்டியாகத்தானே இருந்தது என்று நான் நினைத்த அரைக் கிலோவிலிருந்து அரை டம்ளருக்குக் குறையாமல் மங்கலான நீர் இறங்கியிருந்தது. அத்தனையும் முந்தைய முறை என் குழலுக்குள் போன தண்ணீர். துணியைப் பிரித்தால் ரிகோட்டா துணியில் ஒட்டாமல் உருண்டையாகக் கழன்று வரவேண்டும், மேலே நெசவின் தடம் பதிந்திருக்க வேண்டும். அதுதான் பதம்.

சர்க்கரை எவ்வளவு? மிக்ஸியில் அடிக்கலாமா?

வடித்த ரிகோட்டா 500 கிராமுக்கு 150 முதல் 175 கிராம் வரை. சிசிலியில் பலர் இதைவிட அதிகமாகவே போடுவார்கள். பொடித்த சர்க்கரையைக் கலந்து, மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு மணிநேரம் வைத்துவிட்டு, பிறகு சல்லடையில் தேய்த்து எடுங்கள்.

மிக்ஸி வேண்டவே வேண்டாம். கத்தியின் வேகத்தில் திரள் உடைந்து, பிடித்துவைத்திருந்த நீரை விட்டுவிடும். ஒரு ராத்திரி வடித்த பயன் ஒரு நிமிடத்தில் போய்விடும். கண் நெருக்கமான சல்லடையைக் கிண்ணத்தின் மேல் வைத்து, ஒரு கைப்பிடி ரிகோட்டாவைப் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். சல்லடைக்கு அடியில் சன்ன இடியாப்பம் போல நூல் நூலாக இறங்கும். முதலில் மங்கலாக இருந்தது, கீழே விழுந்து சேரும்போது பளபளவென்று இருக்கும். கை வலிக்கும், கால் மணிநேரம் பிடிக்கும். அந்த வழவழப்பு வேறு எந்த வழியிலும் வராது. சந்தேகம் இருந்தால் இரண்டாவது தடவையும் தேய்க்கலாம்.

சல்லடையைக் கழுவப் போட்டபிறகு கறுப்புச் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி சேர்த்தால் போதும். எசென்ஸ் எதுவும் தேவையில்லை. எலுமிச்சை எசென்ஸ் போட்டு ஒருமுறை ரிகோட்டாவின் மணத்தையே இழந்தேன்.

குழலுக்கு மாவு எப்படிப் பிசைவது?

250 கிராம் மைதா, 20 கிராம் பொடித்த சர்க்கரை, 1 தேக்கரண்டி கோகோ தூள், அரைத் தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. இதில் 30 கிராம் கொழுப்பைப் போட்டு, விரல்நுனியால் தேய்த்து மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 15 மி.லி. வினிகரும் 80 மி.லி. மார்சலா ஒயினும். ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். பூரி மாவைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும். முதலில் உதிரும், சேராது என்று தோன்றும், தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால் தானாகவே ஒன்றுசேர்ந்து வழவழப்பாகும். அப்போதும் உதிர்ந்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி தண்ணீர். மூடிவைத்துக் குறைந்தது ஒரு மணிநேரம் ஊறவேண்டும், இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

18 முதல் 20 குழல் வரை கிடைக்கும்.

மார்சலா ஒயின் இல்லாமல் முடியாதா?

முடியும். எதற்காக ஒயின் என்று தெரிந்துகொண்டால் மாற்று எளிது. ஒயினில் உள்ள ஆல்கஹால் தண்ணீருக்கு முன்பே, ஏறக்குறைய 78 டிகிரியிலேயே ஆவியாகும். காய்ந்த எண்ணெயில் மாவு விழுந்ததும் அந்த ஆவி மேல்தோலை உப்பவைத்துக் கொப்புளமாக்கும். ஒயினின் புளிப்பு மாவின் இழுவையைத் தளர்த்தி, மெல்லியதாகத் தேய்க்க விடும். ஒயின் சேர்க்காதவர்கள் கறுப்புத் திராட்சைச் சாறு 60 மி.லி., வினிகர் மொத்தமாக 35 மி.லி. என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் கொஞ்சம் சின்னதாக வரும், நிறம் நன்றாகவே வரும். சாறிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் சீக்கிரம் கறுக்கும்.

மார்சலா என்பது சிசிலியின் மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தின் பெயர். அந்த ஊர் ஒயினில் சாராயம் சேர்த்து வலுவேற்றி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் வழக்கத்தைத் தொடங்கியவர் ஜான் உட்ஹவுஸ் என்ற ஆங்கிலேய வணிகர், 1773-இல்.

பழைய செய்முறையில் பன்றிக்கொழுப்பு என்று இருக்கிறதே?

ஆமாம். மாவிலும் அதுதான், பொரிப்பதும் அதில்தான். அங்கே இன்றும் பலர் அதை விடுவதில்லை. நாம் மாவில் நெய்யோ உப்பில்லாத வெண்ணெயோ போடலாம். வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் உண்டு என்பதால் எனக்கு நெய்யே சரியாக வருகிறது. மணல்மணலான நெய் வேண்டும், உருக்கி ஊற்றினால் மாவு கனத்துப்போகும். பொரிக்கக் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ.

முட்டை சேர்க்காமல் வருமா?

மேலே சொன்ன மாவில் முட்டையே இல்லை. ஓரத்தை ஒட்டுவதற்கு மட்டும் வெள்ளைக்கரு தடவுவது வழக்கம். மைதாவைத் தண்ணீரில் பசைபோலக் கரைத்துத் தடவினாலும் ஒட்டும்.

உலோகக் குழல் எங்கே வாங்குவது? வேறு வழி உண்டா?

பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் எவர்சில்வர் குழல் கிடைக்கும். 12 முதல் 15 செ.மீ. நீளம், 2 முதல் 2.5 செ.மீ. குறுக்களவு. ஆறு இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் பொரிக்கலாம். கிடைக்காவிட்டால் நன்கு காய்ந்த மூங்கிலைக் கணு இல்லாமல், இரண்டு பக்கமும் திறந்திருக்கும்படி அறுத்து, கழுவி வெயிலில் உலர்த்திப் பயன்படுத்துங்கள். நாணலில் செய்த பழைய முறைக்கு அதுவே நெருக்கம். ஹார்டுவேர் கடையில் தண்ணீர்க் குழாய்த் துண்டு வாங்கிவராதீர்கள். துத்தநாகம் பூசிய இரும்பு, சமையலுக்கு ஆகாது.

எவ்வளவு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும்?

ஒரு மில்லிமீட்டர். அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். சோமாசிக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் தடிமனாகிவிடும், கடிக்கும்போது பிஸ்கட் மாதிரி இருக்கும். பாஸ்தா மெஷின் வைத்திருப்பவர்கள் மடித்து மடித்து நாலைந்து தடவை விடுங்கள், அடுக்கடுக்காகக் கொப்புளம் வரும்.

மாவைத் தொட்டுத் தேய்க்க மைதா தூவவேண்டாம், அல்லது மிகக் குறைவாகத் தூவி உதறிவிடுங்கள். 10 செ.மீ. அகலமுள்ள வட்டமாக வெட்டி, கையால் லேசாக இழுத்து முட்டை வடிவமாக்கி, குழலின்மேல் தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்கினால் வெந்தபின் கழன்று வராது. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு வெள்ளைக்கரு தடவி அழுத்துங்கள். குழலின் உலோகத்தில் வெள்ளைக்கரு படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது பொரிந்த மாவு ஓடு நொறுங்கும்.

எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும்?

170 முதல் 180 டிகிரி. வெப்பமானி இல்லாதவர்கள் மாவுத் துணுக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் உடனே குமிழியோடு மேலே வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை. விழுந்ததும் பழுப்பானால் அதிகம் காய்ந்துவிட்டது.

வாணலியில் மூன்றுக்கு மேல் போடாதீர்கள். விழுந்தவுடன் சடசடவென்று பொரிந்து, பத்துப் பதினைந்து விநாடிக்குள் மேல்தோலில் சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பும். இடுக்கியால் திருப்பித் திருப்பி விடுங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முந்திரித் தோல் நிறம் வந்துவிடும். கோகோ சேர்த்த மாவு என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் சத்தத்தையும் கேளுங்கள். சடசடப்பு அடங்கினால் உள்ளிருந்த ஈரம் போய்விட்டது என்று பொருள்.

எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. குழலுக்குள் கொதிக்கிற எண்ணெய் நிறைந்திருக்கும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து, வாணலிக்கு நேர் மேலேயே செங்குத்தாகத் தூக்கி முழுக்க வடியவிட்ட பிறகே தட்டில் வையுங்கள். குழந்தைகள் அடுப்படியில் நிற்கவேண்டாம். அரை நிமிடம் ஆறியதும், பொரிந்த மாவு ஓட்டை ஒரு துணியால் மென்மையாகப் பிடித்துக்கொண்டு, குழலை இன்னொரு துணியால் பிடித்துச் சற்றே திருகி இழுங்கள். டக்கென்று கழன்றுவிடும். முழுக்க ஆறவிட்டால் ஓடு குழலைப் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெயில் போட்டதும் ஓரம் பிரிந்து விரிந்துவிடுகிறது. ஏன்?

ஒட்டும் இடத்தில் மைதாத் தூளோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறது. குழலுக்கு எண்ணெய் தடவிய அதே கையோடு மாவைச் சுற்றினால் இப்படி ஆகும். முதல் இரண்டு மூன்று விநாடி, ஒட்டிய பக்கத்தைக் கீழே வைத்து இடுக்கியால் லேசாக அழுத்திப்பிடித்தாலும் பிரியாது.

கொப்புளமே வரவில்லை. எண்ணெயும் குடிக்கிறது.

பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே காரணம்: எண்ணெய் போதுமான சூட்டில் இல்லை. ஒரு ஈடு எடுத்ததும் அடுத்ததைப் போடும் முன் எண்ணெய் திரும்பக் காயவேண்டும். சூடு சரியாக இருந்தும் கொப்புளம் வராவிட்டால் மாவு தடிமன், அல்லது நெய் அதிகம்.

ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ செய்யலாமா?

வெந்துவிடும், கடித்தால் மொறுமொறுவென்று உடையும், ஆனால் கொப்புளம் இருக்காது. அது வேறொரு பிஸ்கட். எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் கடைசிக் கேள்வியில் வரும் பலகாரத்தைச் செய்யலாம்.

விருந்துக்கு முன்கூட்டியே நிரப்பி வைக்கலாமா? நமுத்துப் போகிறதே.

வைக்கக்கூடாது. என் வீட்டில் இரவு எட்டு மணி விருந்துக்கு மாலை நாலு மணிக்கே இருபதையும் நிரப்பி, அழகாக அடுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். எடுத்துக் கடித்தால் ஒரு சத்தமும் இல்லை, நமுத்த முறுக்கு மாதிரி வளைந்தது. வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். எனக்குத்தான் மனசே ஆறவில்லை, ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை. சிசிலியின் நல்ல கடைகளில் வெறும் ஓடுகளைத்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்ட பிறகே, கண்ணெதிரே நிரப்பித் தருவார்கள்.

வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். ஓடுகளைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பு குறையாது. சர்க்கரை கலந்த ரிகோட்டா ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் புளிக்கும். சாப்பாடு முடிந்து இலை எடுத்தபிறகு பைப்பிங் பையில் ரிகோட்டாவை நிரப்பி, முதலில் ஒரு முனையிலிருந்து நடுவரைக்கும், பிறகு மறுமுனையிலிருந்து நடுவரைக்கும் பிழியுங்கள். ஒரே பக்கமிருந்து பிழிந்தால் நடுவில் காலியிடம் விழும். பை இல்லையென்றால் தடித்த பால் கவரைக் கழுவித் துடைத்து மூலையை வெட்டிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுக்கு, அலுவலகத்துக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தால் மட்டும் ஒரு உபாயம். உருக்கிய சாக்லேட்டைச் சின்னப் பிரஷால் ஓட்டின் உட்புறம் மெல்லப் பூசி உறையவிடுங்கள். ரிகோட்டாவின் ஈரம் ஓட்டைத் தொடாமல் இரண்டு மூன்று மணிநேரம் தாங்கும். ருசி கொஞ்சம் சாக்லேட் பக்கம் சாயும்.

இரண்டு முனையிலும் என்ன வைப்பது?

பலெர்மோ பக்கம் சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், ஒரு நீளத் துண்டு. தீவின் கிழக்கே கட்டானியா பக்கம் நறுக்கிய பிஸ்தா. எட்னா எரிமலைச் சரிவில் பிரோந்தே என்ற ஊரின் பிஸ்தாவுக்குப் பெயர் அதிகம். எரிமலைப் பாறை மண்ணில் விளைவது, ஒற்றைப்படை வருடங்களில் மட்டும் அறுவடை செய்கிறார்கள். நமக்கு உப்பில்லாத பிஸ்தா எதுவானாலும் சரி.

டூட்டி ஃப்ரூட்டி போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது சாயமேற்றிய பப்பாளி, வெறும் தித்திப்பு. ரிகோட்டாவுக்கு வேண்டியது ஆரஞ்சுத் தோலின் கசப்பு. தோலைக் கீற்றுகளாக நறுக்கி, மூன்று முறை புதுத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். பிறகு தோலின் எடைக்குச் சமமான சர்க்கரையும் அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் சேர்த்து, தோல் கண்ணாடி போலத் தெளியும்வரை சிறு தீயில் விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துவைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

ரிகோட்டாவே வேண்டாம், கஸ்டர்ட் நிரப்பலாமா?

நிரப்பலாம், சிசிலியிலேயே அப்படியும் செய்கிறார்கள். கஸ்டர்ட் பவுடர் வேண்டாம், முட்டையில் செய்யும் இத்தாலியக் கிரீம்: அரை லிட்டர் பால், 5 மஞ்சள்கரு, 120 கிராம் சர்க்கரை, 45 கிராம் கார்ன்ஃப்ளவர், ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோல். மஞ்சள்கரு, சர்க்கரை, கார்ன்ஃப்ளவரைக் கலந்துவைத்து, தோல் போட்டுக் காய்ச்சிய பாலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கி, மறுபடி அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்டுங்கள்.

கெட்டியானதும் இறக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மஞ்சள்கருவில் மாவுச்சத்தைக் கரைக்கும் ஒரு நொதி உண்டு. கிரீம் தளபுளவென்று ஒரு நிமிடமாவது கொதித்தால்தான் அது செயலிழக்கும். இல்லாவிட்டால் ராத்திரி கெட்டியாக இருந்த கிரீம் காலையில் நீர்த்துக் கிடக்கும்.

கன்னோலி கைவந்துவிட்டது. அடுத்து எதைச் செய்யலாம்?

இதே முட்டைக் கிரீமை வைத்து, மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாளுக்கு நேப்பிள்ஸில் செய்யும் செப்போலே. வெந்நீர், வெண்ணெய், மைதா, முட்டை சேர்த்துக் கிண்டிய மாவை வளையமாகப் பிழிந்து, பொரித்தோ ஓவனில் சுட்டோ எடுத்து, நடுவில் கிரீம் வைத்து, பாகில் ஊறிய புளிப்புச் செர்ரி ஒன்று மேலே. ஓவனில் சுட்டாலும் குறையில்லாமல் வருவதால், எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னும் பொறுமை இருந்தால் ஸ்ஃபோல்யதெல்லா. அமல்ஃபி கடற்கரையில் சாந்தா ரோசா மடத்தில் பிறந்து, 1818-இல் பின்தாவுரோ என்ற கடைக்காரரால் நேப்பிள்ஸில் பரவிய பலகாரம். தாளாகத் தேய்த்த மாவைச் சுருட்டி வெட்டி, சங்கு வடிவில் விரிக்கும் ‘ரிச்சா’ வகை கடினம். சாதாரணப் பிஸ்கட் மாவில் செய்யும் ‘ஃபிரொல்லா’ வகையில் தொடங்குங்கள். இரண்டுக்கும் உள்ளே வைப்பது ஒன்றே. ரவையைப் பாலில் கிண்டி, ஆறவிட்டு, ரிகோட்டா, சர்க்கரை, பட்டை, ஆரஞ்சுத் தோல் கலந்தது. ரவை கிண்டிப் பழகிய கைக்கு அந்தப் பதம் முதல் தடவையிலேயே பிடிபடும். கரண்டியைத் தூக்கினால் பாத்திரத்தை விட்டுச் சுருண்டு எழவேண்டும். அங்கேயும் ரிகோட்டாவை முந்தின ராத்திரியே வடியப் போட்டுவிடுங்கள்.